கூடு விட்டுக் கூடு பாயும் மரபணு!

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில், தாம்பரத்தை அடைவதற்கு முன்னால் ஒரு ஸ்டேஷனில் நிற்கிறது. அதன் பெயர் தாம்பரம் சானடோரியம்.

சானடோரியம் என்றால் என்ன? காசநோய் கண்டவர்கள் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு பெற்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும் ஆஸ்பத்திரி. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928-ம் ஆண்டில், டாக்டர் சௌரி முத்து என்பவர் இதைத் தொடங்கினார். 1937-ல் சென்னை மாகாண அரசு இதை ஏற்றுக்கொண்டது. இன்று இது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. ஸ்டேஷனுக்கு மட்டும் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அங்கிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் தரமணி. சென்னைப் பல்கலைக் கழகத்தின் மருத்துவ விஞ்ஞான நிலையம் அங்கே இருக்கிறது. 2010-ம் ஆண்டில் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்ட ஓர் ஆராய்ச்சியில் இந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆராய்ச்சியும் கிருமிகளைப் பற்றியதுதான்.

தாம்பரத்தில் வைத்தியம் பார்க்கும் கிருமி ஒன்று. தரமணியில் ஆராய்ந்த கிருமிகள் வேறு. இரண்டு தரப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று தன் சொத்தைப் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே கொடுக்கும். மற்றது போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கும்!

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் கிருமிகளின் வம்சாவளியை எழுத முடியாது. வம்சாவளி தெரியாவிட்டால், நோய் எங்கிருந்து வந்தது, எப்படித் தடுப்பது என்பதும் தெரியாது.

கிருமிக்குக் கூட வம்சாவளியா? அதை யார் எழுதி வைத்தார்கள்? கிருமியே எழுதி வைத்திருக்கிறது!

ஓலை சொல்லும் கதை

பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. 1943-ல் தொடங்கியது. ஊர் ஊராக அலைந்து ஓலைச் சுவடிகளைத் தேடி, பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றிய பெரியவரின் பெயரால் அமைந்தது.

பழைய நூலை அச்சிடுவது அவ்வளவு சுலபமா? ஒரே நூலுக்குப் பத்துச் சுவடி கிடைக்கும். பத்தும் பத்து விதமாக இருக்கும். எது சரி, எது பிழை என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது? ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒரு குருவிடம் 100 ஏடுகள் கொண்ட சுவடி ஒன்று இருக்கிறது. இரண்டு சீடர்கள் அதைப் பார்த்துப் பிரதி எடுக்கிறார்கள். மூத்தவர் 10-வது ஏட்டில் 'மழை' என்பதை 'மலை' என்று எழுதிவிட்டார். இளையவர் 40-வது ஏட்டில் 'வாள்' என்பதை 'வால்' என்று எழுதிவிட்டார்.

மூத்தவருடைய சுவடியைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் 'மலை' என்றே எழுதுவார்கள். இளையவருடைய சுவடியைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் 'வால்' என்றே எழுதுவார்கள். அவரவர் புதிதாகச் செய்யும் பிழைகளும் கூடச் சேரும்.

நூறு வருஷம் கழித்து நம் கையில் சில சுவடிகள் கிடைக்கின்றன. எழுதியவர் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. ஆனால் பிழைகள் இருக்கின்றன. 'மலை' என்ற பிழை உள்ளவை ஒரு கிளை. 'வால்' என்ற பிழை உள்ளவை இன்னொரு கிளை. பிழைகளை வைத்தே சுவடிகளின் வம்சாவளியை எழுதிவிடலாம்!

உயிர்களின் கதையும் இதுவே.

ஒவ்வோர் உயிருக்குள்ளும் டி.என்.ஏ. என்ற சுவடி இருக்கிறது. அதில் இருப்பவை நான்கே எழுத்துகள். அந்த நான்கும் மாறி மாறி லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வரும். சுவடியில் உள்ள ஒவ்வோர் ஏட்டையும் ஒரு மரபணு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷில் ஜீன் என்பார்கள். காசநோய்க் கிருமியின் சுவடியை 1998-ல் முழுக்கப் படித்து முடித்தார்கள். அதில் சுமார் 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள்!

ஒரு கிருமி இரண்டாகும்போது சுவடியும் இரண்டு பிரதியாகிறது. பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை நேர்கிறது. அந்தப் பிழை பிள்ளைக்கும் பேரனுக்கும் போகிறது. பிழைகளை ஒப்பிட்டால் வம்சாவளி கிடைத்துவிடுகிறது.

சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகத்தில் இருந்த படம் ஒன்றே ஒன்று. கிளை விட்டுப் பிரியும் மரம் போன்ற படம் அது. அவர் காலத்தில் டி.என்.ஏ.வைப் படிக்கத் தெரியாது. எலும்பையும் சிறகையும் இலையையும் பார்த்தே மரம் வரைந்தார்கள்.

கிருமிக்கு எலும்பு ஏது? சிறகு ஏது? எல்லாம் கோலும் உருண்டையுமாக ஒன்று போலவே இருக்கும். ஆகவே கிருமிகளுக்கு மரம் வரைய, எழுத்துகளைப் படிக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1977-ல் அந்த வழியைக் காட்டினார்கள். எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரு பகுதியை எடுத்து ஒப்பிட்டார்கள். பாக்டீரியா என்று நினைத்திருந்த சில கிருமிகள் தனிப் பெரும் குலம் என்று கண்டார்கள். அந்தக் குலத்துக்கு இன்று ஆர்க்கியா என்று பெயர்.

பிள்ளைக்கு மட்டும் கொடுக்கும் கிருமி

இப்போது தாம்பரத்துக்கு வருவோம்.

காசநோய்க் கிருமி ஒரு கருமி. தன் மரபணுவை அந்நியருக்குக் கொடுக்காது. அந்நியரிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் செய்யாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று நேர்க்கோடாகவே போகும். அதனால் அதன் வம்சாவளி நிமிர்ந்து நிற்கும் பனைமரம் போலத் தெளிவாக இருக்கிறது.

உலகத்துக் காசநோய்க் கிருமிகளை விஞ்ஞானிகள் சில பெரும் கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் அதிகமாகக் காண்பது முதலாம் கிளை.

இதனால் என்ன பயன்? இரண்டு நோயாளிகளின் கிருமிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அண்மையில் ஒரே இடத்திலிருந்து தொற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். நிறைய வேறுபட்டால், வேறு வேறு இடத்திலிருந்து வந்தது என்று அறியலாம்.

மருந்துக்கு அடங்காத காசநோய் எப்படி வருகிறது? அதுவும் எழுத்துப் பிழையால்தான். நோயாளியின் உடம்பில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஏதோ ஒன்றிரண்டில், ஒரு மருந்தை ஏமாற்றும்படியான பிழை தற்செயலாக இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், அது பிழைக்கும், பெருகும்.

அதனால்தான் டாக்டர்கள் ஒரே சமயத்தில் பல மருந்துகளைக் கொடுக்கிறார்கள். ஒரு மருந்தை ஏமாற்றும் பிழையே அபூர்வம். எல்லா மருந்துகளையும் ஏமாற்றும் பிழைகள் ஒரே கிருமியில் சேர்வது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமிகளுக்கு மறுபடி வாய்ப்புக் கிடைக்கிறது.

கவனியுங்கள். இங்கே பிழை பிறந்த வம்சத்தோடு பிழையும் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கு அது போவதில்லை. எல்லாக் கிருமிகளும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நடுவில் செருகிய ஏடு

மறுபடியும் நம்முடைய சுவடிக்குப் போவோம்.

மூத்த சீடரின் கிளையில் ஒருவர் பிரதி எடுக்கிறார். அவர் பார்த்து எழுதும் சுவடியில் 40-வது ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது. என்ன செய்வார்? பக்கத்து ஊருக்குப் போய், இளைய சீடரின் கிளையைச் சேர்ந்த ஒரு சுவடியைப் பார்த்து அந்த ஓர் ஏட்டை மட்டும் எழுதிச் சேர்த்துவிடுகிறார்.

இப்போது அந்தச் சுவடி எந்தக் குடும்பம்? 10-வது ஏட்டில் 'மலை' இருக்கிறது. அதைப் பார்த்தால் மூத்தவர் கிளை. 40-வது ஏட்டில் 'வால்' இருக்கிறது. அதைப் பார்த்தால் இளையவர் கிளை. ஓர் ஏட்டை மட்டும் பார்த்தவர் ஏமாந்துதான் போவார்!

கிருமிகளின் உலகத்தில் இந்தக் காரியம் ஓயாமல் நடக்கிறது. மரபணு, கூடு விட்டுக் கூடு பாய்கிறது.

தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய அதே 1928-ம் ஆண்டில், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் கிரிஃபித் என்பவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். நிமோனியாக் கிருமியில் இரண்டு வகையை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்று எலியைக் கொல்லும். மற்றது ஒன்றும் செய்யாது. கொல்லும் வகையைச் சூடுபடுத்திச் சாகடித்தார். செத்த கிருமியை எலிக்கு ஊசி மூலம் ஏற்றினார். எலி சாகவில்லை. சாதுவான கிருமியை ஏற்றினார். எலி சாகவில்லை. செத்ததையும் சாதுவையும் கலந்து ஏற்றினார். எலி செத்தது!

எலியின் ரத்தத்தில் கொல்லும் வகைக் கிருமி உயிரோடு இருந்தது. செத்த கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்குள் புகுந்துவிட்டது. அப்படிப் புகுந்த பொருள் டி.என்.ஏ. தான் என்று 1944-ல் அமெரிக்காவில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய துணைவர்களும் நிரூபித்தார்கள்.

1946-ல் ஜோஷுவா லெடர்பர்க், எட்வர்ட் டேட்டம் இருவரும், உயிருள்ள பாக்டீரியாக்களும் மரபணுவைக் கைமாற்றுகின்றன என்று காட்டினார்கள்.

இது சோதனைச் சாலை வேடிக்கை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 1950-களில் ஜப்பானில் சீதபேதி பரவியபோது கண் திறந்தது. நான்கு மருந்துகளுக்கு ஒருசேர அடங்காத சீதபேதிக் கிருமி கிளம்பியது. ஒரு பிழைக்குப் பின் ஒரு பிழை என்று நான்கு பிழைகள் சேர்வதற்கு நாள் ஆகுமே, இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது? 1959-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் விடை கண்டார்கள். குடலில் குடியிருக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவும் சீதபேதிக் கிருமியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே போதும். மருந்தை வெல்லும் மரபணுக்கள் கட்டாக ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடுகின்றன!

மரபணு பாய்வதற்கு மூன்று வழிகள் உண்டு. செத்த கிருமியிலிருந்து சிந்திய டி.என்.ஏ.வை உயிருள்ள கிருமி விழுங்கிக்கொள்வது ஒரு வழி. கிருமியையே தாக்கும் வைரஸ், போகிற போக்கில் ஒரு துண்டைச் சுமந்துகொண்டு போவது இன்னொரு வழி. இரண்டு கிருமிகள் குழாய் போல ஒன்றை நீட்டி இணைந்து, ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தின் பிரதியைக் கொடுப்பது மூன்றாம் வழி. அந்த வளையத்துக்கு பிளாஸ்மிட் என்று பெயர். ஆஸ்பத்திரிகளில் பெரிய தொல்லை தருவது இதுதான்.

தரமணி கண்ட உண்மை

2008-ம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். அவர் இந்திய வம்சாவளியினர். அதற்குச் சற்று முன்புதான் புதுடில்லிக்கு வந்து போயிருந்தார். அந்தக் கிருமி, கார்பபெனம் என்ற மருந்து வகைக்கும் அடங்கவில்லை. மற்ற மருந்துகள் தோற்றால் எடுப்பதற்கென்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் மருந்துகள் அவை. மருந்தை வெட்டிப் போடும் ஒரு பொருளை அந்தக் கிருமி செய்துகொண்டிருந்தது. அதைச் செய்யும் மரபணுவுக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்து, 2009-ல் வெளியிட்டார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலியிலும் அதே மரபணு இருந்தது! கிளெப்சியெல்லா ஒரு ஜாதி, ஈ.கோலி வேறொரு ஜாதி. இரண்டிலும் ஒரே மரபணு இருந்தால் என்ன அர்த்தம்?

2010-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக் கழகத்தின் டிமத்தி வால்ஷ் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மரபணு உள்ள கிருமி மாதிரிகளைப் பல இடங்களிலிருந்து சேர்த்திருந்தார்கள். சென்னையில் 44. ஹரியானாவில் 26. பிரிட்டனில் 37. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேறு இடங்களிலிருந்து 73. மொத்தம் 180.

ஊரெங்கும் ஒரே மரபணு. அப்படியானால் ஒரே கிருமிதான் ஊரெங்கும் பரவிவிட்டதா? அந்த மரபணுவை மட்டும் வைத்து மரம் வரைந்தால் அப்படித்தான் தோன்றும். 40-வது ஏட்டை மட்டும் பார்த்தவர் ஏமாந்த கதையாகிவிடும்.

ஆகவே அவர்கள் சுவடி முழுவதையும் சோதித்தார்கள். கிருமியின் மொத்த டி.என்.ஏ.வையும் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, துண்டுகளை நீளத்தின்படி பிரித்தார்கள். ஒரே குடும்பத்துக் கிருமிகள் என்றால் துண்டுகளின் வரிசை ஒன்றாக இருக்கும். வேறு குடும்பம் என்றால் வரிசை மாறிவிடும்.

ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லாக் கிருமிகள் எல்லாம் ஒரே குடும்பம்! அவற்றில் இருந்த பிளாஸ்மிட் வளையம் வேறு கிருமிக்குப் பாயவில்லை.

சென்னையிலோ கதை வேறு. கிருமிகள் பல குடும்பங்களைச் சேர்ந்தவையாக இருந்தன. வளையம் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குச் சுலபமாகப் பாய்ந்தது. பிரிட்டனிலும் அப்படியே.

மரபணு ஒன்றுதான். ஆனால் ஹரியானாவில் கிருமி ஊர் சுற்றியது. சென்னையில் மரபணுவே ஊர் சுற்றியது!

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒரே குடும்பக் கிருமி பரவுகிறது என்றால், அது எந்தப் படுக்கையிலிருந்து எந்தப் படுக்கைக்குப் போனது என்று பின்தொடரலாம். நோயாளியைத் தனியே வைத்து, கையைக் கழுவி, கருவிகளைச் சுத்தம் செய்து அதை அடக்கலாம். மரபணுவே பாய்கிறது என்றால் ஒரு கிருமியைப் பிடிப்பதால் காரியம் முடியாது. நேற்று கிளெப்சியெல்லாவில் இருந்தது இன்று ஈ.கோலியில் இருக்கும். ஆஸ்பத்திரிச் சுத்தமும் வேண்டும், சாக்கடையும் சரியாக வேண்டும், ஊரில் மருந்து தின்னும் பழக்கமும் மாற வேண்டும். எது எங்கே நடக்கிறது என்று சொன்னது அந்த வம்சாவளிச் சோதனைதான்.

2011-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியில் புதுடில்லியின் குழாய்த் தண்ணீரையும் தெருவில் தேங்கிய தண்ணீரையும் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீரில் 50 மாதிரிக்கு 2, தேங்கிய தண்ணீரில் 171 மாதிரிக்கு 51, இந்த மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியிலும் கூட அது புகுந்திருந்தது.

மரபணுவின் பெயரில் புதுடில்லி இருப்பது நம் நாட்டில் பெரிய சச்சரவைக் கிளப்பியது. லான்செட் பத்திரிகையின் ஆசிரியர் 2011 ஜனவரியில் அந்தப் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். பெயரில் ஓர் ஊர் இருப்பதால் அந்த மரபணு அங்கேதான் பிறந்தது என்று ஆகிவிடாது.

அடையாற்று ஆலமரம்

சரி, ஏடுகள் இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தால் வம்சாவளி எழுதுவது வீண் வேலைதானா?

சில விஞ்ஞானிகளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது உண்மை. 2002-ல் மூன்று வகை ஈ.கோலியை ஒப்பிட்டார்கள். ஒன்று சோதனைச் சாலையில் வளர்ந்த சாது. மற்ற இரண்டும் நோய் தருபவை. மூன்றும் ஒரே பெயர் கொண்ட பாக்டீரியாதான். ஆனால் மூன்றின் புரதங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், மூன்றுக்கும் பொதுவானவை 100-க்கு 40 கூட இல்லை! கனடா நாட்டு விஞ்ஞானி ஃபோர்ட் டூலிட்டில், உயிர்களின் வரலாறு மரம் போல இல்லை, வலை போல இருக்கிறது என்று 1999-லேயே எழுதினார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளையிலிருந்து விழுது இறங்கும். விழுது மண்ணில் ஊன்றித் தூணாகும். ஒரு விழுது இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். 1989-ல் புயலில் அடிமரம் சாய்ந்த பிறகும் விழுதுகள் மரத்தைத் தாங்கி நின்றன. எது தண்டு, எது விழுது என்று புதிதாக வருகிறவர் திகைப்பார். ஆனால் தோட்டக்காரர் பொறுமையாகச் சுற்றி வந்து, இது இங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்.

விஞ்ஞானிகளும் அந்தத் தோட்டக்காரர் போலத்தான் செய்கிறார்கள்.

முதலில், எல்லாக் கிருமிகளிலும் பொதுவாக இருந்து, எளிதில் இடம் மாறாத மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உயிர் வாழ்வதற்கே இன்றியமையாத மரபணுக்கள் இவை. இவற்றில் பலவற்றைச் சேர்த்து வைத்து ஒரு மரம் வரைகிறார்கள். இதுதான் தண்டு.

பிறகு ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனி மரம் வரைகிறார்கள். அதைத் தண்டின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்தினால் பரம்பரைச் சொத்து. பொருந்தாவிட்டால், எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குத் தாவியிருந்தால் பொருந்தும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு இப்படிக் கணக்குப் போடக் கம்ப்யூட்டர் உதவுகிறது.

வேறு தடயங்களும் உண்டு. சுவடியில் ஓர் ஏட்டின் கையெழுத்து மட்டும் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவோம் அல்லவா? அதுபோல நான்கு எழுத்துகளில் எதை எவ்வளவு எழுதுவது என்பதில் ஒவ்வொரு ஜாதிக் கிருமிக்கும் ஒரு வழக்கம் உண்டு. வந்தேறிய மரபணுவில் அந்த வழக்கம் மாறி இருக்கும்.

இன்னொரு தடயம், அளவுக்கு மீறிய ஒற்றுமை. ஈ.கோலியும், டைபாய்டு தரும் சால்மொனெல்லாவும் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பிரிந்தவை என்று மதிப்பிடுகிறார்கள். இத்தனை காலத்தில் எத்தனை பிழைகள் சேர்ந்திருக்கும்! அவ்வளவு தூரத்து உறவினர் இருவரிடம் ஒரு மரபணு மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால், அது பாட்டன் சொத்தாக இருக்க முடியாது. அண்மையில் கைமாறியதாகத்தான் இருக்கும்.

இதில் ஓர் ஆச்சரியம், தொல்லை என்று நினைத்ததே உதவியாகவும் ஆகிவிட்டது. ஏட்டைக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே காலத்தில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதுபோல மரபணுவைக் கொடுத்த குலமும் வாங்கிய குலமும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். பாக்டீரியாவின் எலும்புக்கூடு மண்ணில் கிடைக்காது. ஆனால் இந்தக் கைமாற்றங்களைக் கொண்டு, எந்தக் கிளை முந்தியது, எந்தக் கிளை பிந்தியது என்று கணக்கிடுகிறார்கள்.

நம் வீட்டுக் கிழங்கிலும்!

பாக்டீரியாவுக்குள் மட்டும்தான் இந்தப் பாய்ச்சலா? அதுவும் இல்லை.

பொங்கலுக்கு நாம் வாங்குகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பயிரிடும் சர்க்கரைவள்ளி வகைகளில் 291-ஐச் சோதித்தார்கள். 291-லும் பாக்டீரியாவின் மரபணுக்கள் இருந்தன! மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற கிருமி தன் மரபணுவைச் செடிக்குள் செலுத்தும் குணம் உடையது. மனிதன் சோதனைச் சாலை கட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பே, அது கிழங்கின் மூதாதைக்குள் தன் ஏட்டைச் செருகிவிட்டது. கிழங்கும் அதைப் பரம்பரைச் சொத்தாகவே காப்பாற்றி வருகிறது. பயப்பட வேண்டாம். வேகவைத்துச் சாப்பிடுங்கள். நம் பாட்டி, முப்பாட்டி எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்!

நாம் செய்ய வேண்டியது

சளி, இருமல், ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸால் வருபவை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களை அது கொல்லும். மருந்தை வெல்லும் மரபணு எதனிடம் இருக்கிறதோ அது மட்டும் பிழைத்துப் பெருகும். நாளைக்கு உண்மையான நோய்க் கிருமி வந்தால், அந்த மரபணுவை அதற்குத் தானம் செய்யும். வேண்டாத மாத்திரை ஒன்றை விழுங்கும்போது, வேண்டாத ஏட்டுக்குப் பிரதி எடுக்க நாமே ஆள் அமர்த்துகிறோம்!

2012-ம் ஆண்டு ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடின. மருந்துக் கடைகளில் ஆன்டிபயாட்டிக்கைத் தாராளமாக விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று வற்புறுத்தின. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்று பெயர். 2014 மார்ச் முதல், முக்கியமான சில மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. 2016-ல் மத்திய அரசு சிவப்புக் கோடு பற்றிப் பிரசாரம் செய்தது. மாத்திரை அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அதை டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்று பொருள். படிக்கத் தெரியாதவரும் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே வீட்டில் இவற்றை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். போன தடவை மிஞ்சியதை எடுத்து வைத்துச் சாப்பிடாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனால், போகும்போதும் வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் மருந்து நடந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்த விடாதீர்கள்.

பிள்ளைக்கு மட்டும் சொத்து வைக்கும் கிருமியை, அந்த நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழித்துவிடலாம். ஊருக்கெல்லாம் சொத்தை அள்ளிக் கொடுக்கும் கிருமிக்கு, ஊரெல்லாம் சேர்ந்துதான் வேலி போட வேண்டும்.